தலை கடைசியில்

கயாக் கவிழ்ந்துவிட்டது. படகு மேலே, ஆள் கீழே. இடுப்புவரை படகுக்குள் செருகி உட்கார்ந்திருப்பதால் காலை உதற வழியில்லை. மூக்கில் பனி உருகிய நீர் ஏறுகிறது, காதில் ஆற்றின் இரைச்சல். அந்த நேரத்தில் உடம்பு ஒரே ஒரு கட்டளைதான் இடும்: தலையைத் தூக்கு, மூச்சை இழு.

அந்தக் கட்டளைக்குப் பணிந்தவருக்கு அரை மூச்சு கிடைக்கும். அடுத்த நொடி மறுபடியும் தண்ணீருக்குள் போவார். பணியாதவர் நிமிர்ந்து விடுவார். காட்டாற்றில் கயாக் ஓட்டும் கலையில் எனக்குப் பெரிய வியப்பு இதுதான். தரையில் நடந்து பழகிய உடம்பு அங்கே சொல்வதில் பெரும்பாலானவை தப்பு. அது ஏன் தப்பு என்று கேட்டால், நல்ல இயற்பியல் பாடம் ஒன்று கிடைக்கிறது.

முதலில் தலையை எடுத்துக்கொள்வோம். மனிதத் தலையின் எடை ஏறக்குறைய நாலரை, ஐந்து கிலோ. தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த எடை நமக்குத் தெரிவதில்லை, தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. வெளியே வந்த கணமே ஐந்து கிலோவும் கழுத்தின் முனையில் தொங்கும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. தலையைத் தூக்கும்போது விலாவின் ஒரு பக்கத் தசைகள் சுருங்கும். அந்தச் சுருக்கம், நிமிரப் பார்க்கும் படகின் விளிம்பைத் திரும்ப நம் மேலேயே இழுத்துப் போடும். ஆகவே பயிற்சியாளர்கள் தலைகீழாகச் சொல்லித் தருகிறார்கள். துடுப்பை நீர்மட்டத்தில் பரப்பி ஒரு நொடிப் பிடிமானம் தேடிக்கொள். இடுப்பை ஒரு வெட்டு வெட்டிப் படகை உருட்டு. படகு நிமிர்ந்ததும் உடல் பின்னே வரட்டும். தலை கடைசியில் வரட்டும், துடுப்பின் அலகைப் பார்த்தபடியே.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர். ஆர்க்டிக் கடலோரத்து இனுயிட் வேட்டைக்காரர்கள். மிதந்து வந்த மரத்துண்டிலும் எலும்பிலும் சட்டம் கட்டி, சீல் தோலைப் போர்த்தித் தைத்த குறுகலான படகுதான் கயாக். வேட்டைக்காரர் போட்டிருக்கும் தோல் சட்டையின் அடிப்பகுதியைப் படகின் வாயோடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஆளும் படகும் ஒரே உடம்பு, ஒரு சொட்டு நீர் உள்ளே போகாது. பனிக்கட்டி மிதக்கும் கடலில் படகை விட்டு வெளியேறினால் சில நிமிடங்களில் கை கால் விறைத்துவிடும். நீச்சல் தெரிந்தும் பயனில்லை. எனவே கவிழ்ந்தால் நிமிர்வது ஒன்றே வழி. கிரீன்லாந்தில் இப்போதும் இதற்கென்றே தனிப் போட்டி நடக்கிறது. துடுப்பால் நிமிர்வது அங்கே பாலபாடம். வெறுங்கையால், கையில் கனமான கல்லைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் இரு கைகளையும் மார்போடு மடக்கிக்கொண்டு வெறும் இடுப்பால் நிமிர்வதுவரை வரிசை நீளும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேட்டை விபத்து இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். துடுப்பு உடைந்த நாள், ஈட்டிக் கயிறு கையில் சுற்றிக்கொண்ட நாள்.

ஐரோப்பியர்களில் இதை முதலில் செய்து காட்டியவராகச் சொல்லப்படுபவர் எடி ஹான்ஸ் பவ்லாட்டா என்ற ஆஸ்திரியர். ஆண்டு 1927. துருவப் பயணிகள் எழுதி வைத்ததைப் படித்துவிட்டு, ஓர் ஏரியில் தானாகவே முயன்று தேறினார். நீச்சலைப் புத்தகத்தில் படிக்க முடியாது என்று நம் ஊரில் கேலி பேசுவோம். இந்த மனிதர் அதைவிடக் கடினமான ஒன்றைப் படித்தே கற்றுக்கொண்டார்.

கடலுக்காகப் பிறந்த படகு மலையாற்றுக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். 1907-இல் ஜெர்மனியின் ரோசன்ஹைம் ஊரில் ஹான்ஸ் க்ளெப்பர் என்ற தையற்காரர் மடிக்கும் கயாக்கைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். மரச்சட்டமும் துணியுமாக இரண்டு மூன்று மூட்டை. ரயிலில் ஏற்றி மலையடிவாரத்தில் இறங்கி, பூட்டி, ஆற்றில் விடலாம். துணி பாறையில் உரசினால் கிழியும். பின்னர் கண்ணாடியிழை வந்தது, அது உடைந்தது. 1970களில் வந்த பாலிஎத்திலீன்தான் ஆட்டத்தையே மாற்றியது. பிளாஸ்டிக் பொடியை அச்சுக்குள் கொட்டி, அச்சைச் சூட்டில் எல்லாப் பக்கமும் சுழற்றினால் பொடி உருகி உள்சுவரில் ஒட்டிப் படகாகிறது. நம் மொட்டை மாடிக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளைச் செய்யும் அதே முறைதான். தொட்டி எப்படி அடிபட்டாலும் நசுங்கித் திரும்புமோ அப்படித்தான் இந்தப் படகும். பாறையில் மோதினால் படகு செத்தது என்ற பயம் போனதும், அதுவரை யாரும் எட்டிக்கூடப் பார்க்காத ஓடைகளுக்குள் மனிதர்கள் இறங்கினார்கள்.

அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது வெள்ளை நிறத் தண்ணீர். தண்ணீருக்கு வெள்ளை எங்கிருந்து வந்தது? நுரையிலுள்ள ஒவ்வொரு குமிழியும் தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. எல்லா வண்ணமும் சமமாகச் சிதறினால் கண்ணுக்கு வெள்ளை. உடைத்த கண்ணாடித் தூள் வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான். ஆனால் கயாக்காரருக்கு அந்த வெள்ளை சொல்வது வேறு சேதி: இங்கே தண்ணீரில் காற்று கலந்திருக்கிறது, இது உன்னைத் தாங்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எழுபது கிலோ மனிதரைத் தெளிந்த நீர் ஏறக்குறைய முழுதாகவே தாங்கிவிடுகிறது, குறைவது சில கிலோதான். அந்தக் குறையைத்தான் லைஃப் ஜாக்கெட் ஈடுகட்டுகிறது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கான சாதாரண ஜாக்கெட் தரவேண்டிய மிதப்பு பதினைந்தரை பவுண்டு, அதாவது ஏழு கிலோ. அது போதும். ஆனால் பாதிக்குப் பாதி காற்று கலந்த நுரையில் தாங்கும் திறனும் பாதியாகிவிடும். எழுபது கிலோவில் முப்பத்தைந்தைத்தான் நுரை சுமக்கும். ஜாக்கெட்டின் ஏழு, மூன்றரையாகச் சுருங்கும். ஆள் அமிழ்ந்துதான் போவார். இப்போது படகைப் பாருங்கள். குறுகிய மலையோடைகளுக்கான கயாக்கின் கொள்ளளவு 270 லிட்டர் அளவில் இருக்கும். படகும் ஆளும் சேர்ந்து நூறு கிலோ என்று வைத்தாலும், பாதி நுரையில்கூட அது 135 கிலோவைத் தாங்கி மேலே வரும். அந்தப் படகுகள் பார்ப்பதற்குக் கொழுத்த மீன் மாதிரி உப்பியிருப்பதன் காரணம் இந்த எளிய பெருக்கல்தான். நுரைக்குள் உயிர்காப்பது ஜாக்கெட்டைவிடப் படகே. அதனால்தான் வெளியே நீந்தித் தப்பு என்று மனம் சொல்லும்போது, உள்ளேயே இரு, நிமிரப் பார் என்கிறார்கள்.

வெளியேறியே ஆகவேண்டிய கட்டமும் வரும். ஆளின் இடுப்பிலிருந்து படகின் வாய்வரை இறுக மூடும் ரப்பர் துணிக்கு ஸ்ப்ரே ஸ்கர்ட் என்று பெயர். அதன் முன்பக்கம் ஒரு சின்ன வார் வளையம். இழுத்தால் மூடி பிதுங்கித் திறக்கும். படகில் ஏறியதும் பழகியவர்கள் கை முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த வளையம் வெளியே கிடக்கிறதா என்றுதான். மறதியாக உள்ளே வைத்து மூடிவிட்டால், தலைகீழாகத் தொங்கும்போது இருட்டில் தேடவேண்டிவரும். ஹெல்மெட், குளிர்காக்கும் உடை, வீசுவதற்கான மிதக்கும் கயிற்றுப் பை என்று மற்றவை எத்தனையோ உண்டு. கடைக்காரர்கள் அவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு அந்த இரண்டு விரல் அகல வார்தான் முழுச் சாமானிலும் முக்கியமானதாகப் படுகிறது.

இனி ஆற்றின் பக்கம் வருவோம். ஆற்றைப் புரிந்துகொள்ள அடுக்களைக்குப் போனால் போதும். தொட்டிக் குழாயைத் திறந்து, நீர் விழும் இடத்தை உற்றுப் பாருங்கள். விழுந்த இடத்தைச் சுற்றிக் கண்ணாடித் தகடு போல மெல்லிய வட்டம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் நீர் சட்டென்று தடித்து வளையமாக எழும்பி நிற்கும். வளையத்துக்கு உள்ளே தண்ணீர் தன் அலையைவிட வேகமாக ஓடுகிறது. வெளியே மெதுவாகப் போகிறது. வேகமான நீர் மெதுவான நீரை முட்டும் இடத்தில், மிஞ்சிய ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அது எழும்புகிறது, கொந்தளிக்கிறது. நீரியலில் இதை நீர்த்தாவல் என்பார்கள். தொட்டியில் நடப்பதில் நீரின் பரப்பு இழுவிசைக்கும் பங்குண்டு. ஆற்றிலோ ஈர்ப்புவிசைதான் ஆட்சி.

பாறைமேல் வழிந்து கீழே பாயும் நீர் வேகமெடுத்து, அடியில் தேங்கிய நீரில் குத்தும்போது நடப்பது இதே தாவல்தான், பிரம்மாண்டமான அளவில். குத்திய நீர் அடியாழத்தில் கீழ்நோக்கி ஓடிவிடுகிறது. மேற்பரப்பிலோ நுரை திரும்பி மேல்நோக்கி, பாறையின் காலடிக்கே உருண்டு வருகிறது. மிதக்கும் எதுவும் அதில் மாட்டினால் விழும் நீரடிக்குப் போய், அமுங்கி, சற்றுத் தள்ளி மேலே வந்து, மறுபடியும் இழுக்கப்படும். கயாக்காரர்கள் இதை 'ஹோல்' என்கிறார்கள். இயற்கையான பாறை கோணல்மாணலாக இருப்பதால் ஹோலுக்கு ஏதோ ஒரு பக்கம் வாசல் இருக்கும், அந்த ஓரத்துக்கு நகர்ந்தால் வெளியே வரலாம்.

வாசலே இல்லாத ஹோலைக் கட்டியவர்கள் மனிதர்கள். கரையிலிருந்து கரைவரை ஒரே மட்டமாக நிற்கும் தடுப்பணை. உயரம் ஓர் ஆள்கூட இராது, வழியும் நீர் பட்டுத்துணி போல அழகாக இருக்கும், ஆனால் அதன் காலடியில் திரும்பிச் சுருளும் நீர் இரு கரைக்கும் நடுவே எங்கும் ஒரே சீராக இருக்கும். ஆங்கிலம் பேசும் நாடுகளின் மீட்புப் பணியாளர்கள் இதற்கு மூழ்கடிக்கும் இயந்திரம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் நம் ஊர்த் தடுப்பணைகளின் கீழே குளிக்கப் போனவர்கள் பற்றிய செய்தி வரும்போது, நீச்சல் தெரிந்தவர் எப்படி மூழ்கினார் என்று கேட்பார்கள். நீச்சல் தெரிந்தவர் மேற்பரப்பில்தான் நீந்துவார். மேற்பரப்பு முழுவதும் அணையை நோக்கி ஓடுகிறது. வெளியே போகும் நீர் அடியில் இருக்கிறது. வழி கீழே இருக்க, உடம்பு மேலே மேலே என்கிறது.

இத்தனை பயமுறுத்தும் ஆற்றில் மனிதர் எப்படி இறங்கிப் போகிறார்? நின்று நின்றுதான் போகிறார். இது தெரிந்தபோதுதான் எனக்கு இந்த விளையாட்டின்மேல் ஆசை வந்தது. நீரோட்டத்தின் நடுவே நிற்கும் பாறையின் பின்புறம் நீர்மட்டம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்பக் கீழிருந்து நீர் மேல்நோக்கி ஊர்ந்து வரும். இந்த எதிரோட்டப் பகுதிக்கு 'எடி' என்று பெயர். ஆறு இரு பக்கமும் ஓலமிட்டு ஓட, எடிக்குள் நுழைந்த கயாக்காரர் வாசல் திண்ணையில் உட்கார்ந்ததுபோல ஓய்வெடுப்பார், தோளைத் திருப்பி அடுத்த சரிவைப் பார்ப்பார், பின்னால் வரும் நண்பருக்குச் சைகை காட்டுவார். கரையிலிருந்து பார்க்கிறவருக்கு அவர் வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்படுவதாகத் தோன்றும். உண்மையில் அவர் படிக்கட்டில் இறங்குவதுபோல ஒவ்வொரு எடியாக இறங்குகிறார்.

எடியிலிருந்து ஓட்டத்துக்குள் நுழைவதுதான் சிக்கல். ஒரு கோட்டின் இந்தப் பக்கம் நீர் மேல்நோக்கி, அந்தப் பக்கம் கீழ்நோக்கி. படகின் மூக்கு கோட்டைத் தாண்டியதும் ஓட்டம் அதைப் பிடித்துத் திருப்பும். உடம்பு பயந்துபோய் வரும் நீரின் பக்கமாகச் சாயும். சாய்ந்தால் அந்தப் பக்கத்து விளிம்பு தாழ்ந்து, நீர் படகின்மேல் ஏறி, கண் இமைக்கும் முன் கவிழ்த்துவிடும். நீர் போகிற பக்கம் சாயவேண்டும், வளைவில் சைக்கிள் ஓட்டுபவர் உள்பக்கம் சாய்வதைப்போல. அப்போது ஓட்டத்துக்குத் தெரிவது படகின் வழுவழுப்பான வயிறு மட்டுமே, அது வழுக்கிச் செல்லும். பாறையில் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொண்டாலும் விதி இதேதான். பாறையை விட்டு விலகாதே, கட்டிப்பிடி. நீரின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. விலகிச் சாய்ந்த படகை அந்த விசை பாறையைச் சுற்றி மடித்தே போட்டுவிடும்.

நீரின் எடையை உணர அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஓடும் காலி ஆற்றைப் பார்க்கலாம். அங்கே சம்மர்ஸ்வில் அணை 1966-இல் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டப்பட்டது. குளிர்காலம் வருமுன் ஏரியைத் தாழ்த்தி வைத்தால்தான் அடுத்த வெள்ளத்துக்கு இடமிருக்கும். எப்படியும் திறந்துவிடத்தானே போகிறீர்கள், எங்களுக்கு ஏற்ற மாதிரி திறந்துவிடுங்கள் என்று படகோட்டிகள் கேட்க, 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே ஆக்கியது. செப்டம்பர், அக்டோபர் வார இறுதிகளில் வழக்கமாக நொடிக்கு 2,800 கன அடி வருகிறது. கன மீட்டரில் சொன்னால் 79, எடையில் சொன்னால் நொடிக்கு 79 டன். அதன் நடுவே, ஆளோடு சேர்த்து நூறு கிலோ பிளாஸ்டிக் ஒன்று எடிக்கு எடி தாவுகிறது.

இந்தத் தாவலை ஒழுங்குபடுத்தி அளந்தால் அதுவே ஸ்லாலம் பந்தயம். பனிச்சறுக்கில் கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து வரும் போட்டியைப் பார்த்து, 1933-இல் சுவிட்சர்லாந்தில் இதைத் தண்ணீருக்கு மாற்றினார்கள். மேலிருந்து தொங்கும் கம்பங்களில் பச்சைக்கு ஓட்டத்தோடு, சிவப்புக்கு ஓட்டத்தை எதிர்த்து நுழையவேண்டும். சிவப்புக் கம்பங்கள் பெரும்பாலும் எடிக்குள்தான் தொங்கும். கம்பத்தில் உடம்போ துடுப்போ பட்டால் 2 நொடி அபராதம், தவறவிட்டால் 50 நொடி. ஒலிம்பிக்கில் 1972-இல் நுழைந்தது. ஆக்ஸ்பர்க் நகரில் லெக் ஆற்றோரம், மிதந்து வரும் பனிக்கட்டிகளை ஒதுக்கிவிடுவதற்காக இருந்த கால்வாயைப் பந்தயப் பாதையாக்கினார்கள். பெயரே ஐஸ்கனால். மேற்கு ஜெர்மனி காங்கிரீட்டில் கட்டிய அந்தப் பாதையைக் கிழக்கு ஜெர்மனி தன் ஸ்விக்காவ் நகரில் நகலெடுத்துக் கட்டி, வீரர்களை அதில் பழக்கியது. இருந்த நான்கு தங்கமும் கிழக்கு ஜெர்மனிக்கே போயின. ஆற்றையே நகலெடுத்த உளவு வேலை உலகில் இது ஒன்றுதான் இருக்கும்! செலவு தாங்காமல் அடுத்த இருபது ஆண்டுகள் ஒலிம்பிக் இந்த விளையாட்டை மறந்தது. 1992-இல் பார்சிலோனாவில்தான் திரும்ப வந்தது.

2024 பாரிஸில் புதிதாக கயாக் கிராஸ் என்ற பந்தயம் சேர்ந்தது. நான்கு பேர் உயர்ந்த மேடையிலிருந்து ஒரே நேரத்தில் தண்ணீரில் குதித்து முட்டிமோதி ஓட்டுவார்கள். வழியில் குறித்த இடம் ஒன்றில் எல்லாரும் வேண்டுமென்றே கவிழ்ந்து நிமிர்ந்தாக வேண்டும். சீல் வேட்டைக்காரரின் உயிர்ப்பாதுகாப்பு இப்போது ஒலிம்பிக் விதி. பெண்கள் பிரிவில் ஆஸ்திரேலியாவின் நோயமி ஃபாக்ஸ் வென்றார். அக்காள் ஜெசிகா ஃபாக்ஸ் அதே பாரிஸில் ஸ்லாலத்தில் இரண்டு தங்கம் வென்றிருந்தார். அம்மா மிரியம் 1996-இல் பிரான்சுக்காக வெண்கலம் பெற்றவர், அப்பா ரிச்சர்ட் பிரிட்டனின் பழைய உலகச் சாம்பியன். சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொள்வார்களோ.

அருவிக்கு வந்தால் உடம்பின் யோசனை இன்னும் மோசம். விளிம்பு நெருங்க நெருங்க வேகத்தைக் குறை என்று சொல்லும். குறைத்தால் மூக்கு குத்திட்டு விழுந்து, நேரே ஹோலுக்குள் போகும். விளிம்பிலேயே ஒரு அழுத்தமான துடுப்பு வீச்சு போட்டு, மூக்கைத் தூக்கி, நுரையைத் தாண்டித் தட்டையாக இறங்கவேண்டும். வயிறு நீரில் அறையும் சத்தத்தையே பெயராக்கி இதை 'பூஃப்' என்கிறார்கள். ஒலியிலிருந்து சொல் செய்வதில் தமிழருக்குச் சளைத்தவர்கள் அல்லர் போலும். ஆனால் அருவி உயர்ந்துவிட்டால் அதே பூஃப் முதுகெலும்பை நொறுக்கும். அப்போது மூக்கால் குத்தி நுழைவதே பாதுகாப்பு. அங்கே காற்று கலந்த நுரைதான் மெத்தை. தாங்காத நீர் என்று சற்று முன் திட்டினோமே, அதுவே. 2009-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பலூஸ் அருவியில் டைலர் பிராட் 189 அடி விழுந்தார். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் விழ மூன்றரை நொடி, அடியைத் தொடும்போது வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். துடுப்பு முறிந்தது, மணிக்கட்டு பிசகியது, அவ்வளவுதான்.

வட கரோலினாவின் கிரீன் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கில் 1996-இல் ஒரு பந்தயம் தொடங்கியது, நவம்பர் முதல் சனிக்கிழமையில் நடப்பது. கம்பங்கள் கிடையாது, மேலிருந்து கீழே வரவேண்டும், அவ்வளவே. நன்றாக ஓட்டுபவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். கொரில்லா என்ற சரிவின் இருபுறப் பாறைகளிலும் கூட்டம் தொற்றிக்கொண்டிருக்கும். வேகமாக வர நினைப்பவர்கள் நீளமான படகை எடுப்பார்கள். மிதக்கும் படகு தானே எழுப்பிய அலையில் சிக்கிக்கொள்ளும் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது. நீளம் கூடினால் அந்த எல்லையும் கூடும். ஆனால் நீண்ட படகு கொரில்லாவின் குறுகிய வாயில் திரும்ப மறுக்கும். வேகமா, வளைவா என்று ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொருவரும் பேரம் பேசிக்கொள்வார்கள்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்த மலைகளில் கொட்டிய மழை, ஆற்றின் பாறைகளையே இடம்மாற்றிவிட்டது. பல ஆண்டுகளாக மனப்பாடமாக இருந்த எடிகள் சில மறைந்தன, புதிய ஹோல்கள் திறந்தன. அந்த ஆற்றில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக்கூடியவர்கள் படகைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு, பாறைமேல் தவழ்ந்து போய், தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று முதல் நாள் மாணவரைப்போலக் குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று.